குழாய்க்குள் பறக்கும் படமும் தங்கவயலின் தூசும்

“இனிமேல் மூக்கு வழியாக டியூப் விடத் தேவையில்லை. ஸ்கேன் எடுத்தால் போதும், கம்ப்யூட்டரே நுரையீரலுக்குள் புகுந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடும்.” பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் ஸ்கேன் சென்டர்களின் விளம்பரத் தாள்களிலும் பல வடிவங்களில் உலவும் பேச்சு இது. கோலார் தங்கவயலில் இதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. அந்த மெஷின் இங்கே வந்து இறங்கிவிட்டால், சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் இருமல் டி.பி.யா, ஆஸ்துமாவா, தூசு நோயா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும் என்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள்.

முதல் பேச்சில் பாதி தவறு. இரண்டாவது பேச்சு முழுத் தவறு. நல்ல மனதோடு சொல்லப்படுவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

விர்ச்சுவல் பிராங்காஸ்கோப்பி என்கிற அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். சி.டி. ஸ்கேன் மார்பை ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதைவிட மெல்லிய வில்லைகளாக அளந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. 1971இல் முதல் நோயாளியை இந்தக் கருவியில் படுக்கவைத்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த எண்ணின் அலகு இருக்கிறது. தண்ணீருக்கு பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, சதைக்கு நாற்பது ஐம்பது. மூச்சுக்குழாயின் உள்ளே இருப்பது காற்று, சுவர் சதை. இரண்டுக்கும் நடுவே மைனஸ் 500 போல ஓர் எண்ணை எல்லையாகப் போட்டு, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் வெற்றிடம், மேலே உள்ளதெல்லாம் சுவர் என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டர் ஒரு குகையைக் கட்டித் தந்துவிடும். அந்தக் குகைக்குள் இல்லாத ஒரு கேமராவை ஓட்டலாம். 1990களில் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் டேவிட் வைனிங் போன்றவர்கள் பெருங்குடலிலும் மூச்சுக்குழாயிலும் இதைச் செய்துகாட்டியபோது மருத்துவ உலகமே வாய்பிளந்தது. வாய்பிளக்க வேண்டிய காரியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்தக் கேமரா புதிதாக எதையும் பார்ப்பதில்லை. ஸ்கேன் ஏற்கெனவே அளந்துவைத்த எண்களை வேறொரு கோணத்தில் வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். வில்லைப் படத்தில் இல்லாத எதுவும் அந்தப் பறக்கும் படத்தில் இருக்க முடியாது. வில்லைப் படத்தில் இருந்த பல விஷயங்கள் பறக்கும் படத்தில் காணாமல் போய்விடுவதும் உண்டு. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் ஒரே சுவராக்கிவிட்ட பிறகு, சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதனால் எப்படிச் சொல்ல முடியும்?

திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எல்லை எண்ணை நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் மெல்லிய குழாய்களின் சுவரில் ஓட்டை விழுகிறது. மறுபக்கம் தள்ளினால் குழாய் சுருங்கி, இல்லாத அடைப்பு ஒன்று முளைக்கிறது. நோயாளியின் மார்பில் எதுவும் மாறவில்லை, மாறியது மவுஸ் பிடித்த கை. திரையில் தெரியும் அந்த இளஞ்சிவப்பு நிறமும் உடம்பின் நிறம் கிடையாது. மென்பொருள் பூசியது. பச்சை கேட்டால் பச்சையும் பூசும்.

இது அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது. விறகடுப்புப் புகையில் முப்பது நாற்பது வருஷம் சமைத்த பெண்களுக்கு மூச்சுக்குழாயின் உட்சுவரில் கருநீலக் கறை படிந்து, அந்த இடத்தில் குழாய் நெரிந்துபோகும் ஒரு நோய் இருக்கிறது. ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ் என்பார்கள். ஸ்கேனில் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தால் புற்றுநோயோ என்று பதறத் தோன்றும். உண்மையான டியூபை விட்டுப் பார்க்கும் மருத்துவருக்குக் கறை கண்ணில் பட்டதுமே பாதி பதில் கிடைத்துவிடும். இந்தக் கறையோடு டி.பி.யும் சேர்ந்தே இருப்பதுண்டு என்பதால் மீதிப் பதிலுக்கு அங்கேயே கழுவுநீர் எடுத்து அனுப்புவார். விர்ச்சுவல் படத்தில் சுருக்கம் தெரியும், கறை தெரியாது. எண்ணுக்கு ஏது நிறம்?

சளி விஷயமும் அப்படித்தான். குழாய்ச் சுவரில் ஒட்டிய கெட்டிச் சளி இந்தப் படத்தில் கட்டி மாதிரியே உப்பிக்கொண்டு நிற்கும். நிஜ பிராங்காஸ்கோப்பில் உறிஞ்சினால் அது போய்விடும், கட்டி போகாது. கம்ப்யூட்டர் உறிஞ்சாது. இருமிவிட்டு வாருங்கள், மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இது கையில்லாத கண். 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் குஸ்டாவ் கில்லியன் மூச்சுக்குழாய்க்குள் முதன்முதலாகக் குழாய் விட்டது பார்ப்பதற்காக மட்டுமில்லை. சிக்கிக்கொண்ட எலும்புத் துண்டை எடுப்பதற்காக. 1960களில் ஜப்பானின் ஷிகேட்டோ இகேடா அந்தக் குழாயை வளையும்படி ஆக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை டியூபின் வேலை பார்ப்பது, உறிஞ்சுவது, கழுவுவது, கிள்ளி எடுப்பது, சிக்கியதை வெளியே கொண்டுவருவது. சளி வராத நோயாளியின் நுரையீரலைக் கழுவிய நீரை சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுத்தால், டி.பி. கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். எத்தனை அழகான பறக்கும் படத்தையும் சிபிநாட் கருவிக்குள் வைக்க முடியாது. சிலிக்கா தூசு படிந்த நுரையீரலில் டி.பி. பல மடங்கு எளிதாகப் பற்றும் என்பதால், தங்கவயல்காரருக்கு அந்தக் கழுவுநீரும் காலைச் சளியும் உயிர்ப் பிரச்சினை.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான பகுதியை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. எழுபது வயதுக்காரர், இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, அவருக்கு டியூப் விடுவது சின்ன விஷயமா என்று கேட்கிறார்கள். சின்ன விஷயம் இல்லைதான். ஆக்சிஜன் குறையலாம், இருமல் அடங்காமல் போகலாம், திசு எடுத்தால் ரத்தம் கசியலாம். கட்டி முழுக்க அடைத்துவிட்ட குழாயில் டியூப் அந்த இடத்தோடு நின்றுவிடும். கம்ப்யூட்டர் அடைப்பைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கும். நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிக்கு எந்தக் கிளை வழியாகப் போனால் சேரலாம் என்று முன்கூட்டி வழி வரைந்துகொள்ளவும் இது அருமையான கருவி. வேர்க்கடலை விழுங்கிய குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் போனதா என்று சந்தேகம் இருக்கும்போது, மயக்கம் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் உதவுகிறது. ஆனால் கவனியுங்கள், கடலை இருப்பது தெரிந்தபின் அதை எடுப்பது எது? டியூப்தான். இந்தப் படம் நன்றாகப் பயன்படும் இடங்களில் பெரும்பாலானவை டியூபுக்கு முன்னால் நிற்கும் இடங்கள். டியூபுக்குப் பதிலாக நிற்கும் இடங்கள் குறைவு.

அந்த எழுபது வயதுக்காரருக்கு ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது? “தாத்தா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது” என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். தாத்தா இழுப்பார். பாதியிலேயே இருமல் முட்டும். மேசை நகர்ந்துகொண்டிருக்கும். அந்த ஒரு இருமலில் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல், குழாய்ச் சுவரில் படிக்கட்டு மாதிரி தழும்பு விழும். யாருக்கு டியூப் விடுவது கஷ்டமோ அவருக்கு நல்ல விர்ச்சுவல் படம் எடுப்பதும் கஷ்டம்தான். கதிர்வீச்சுக் கணக்கும் உண்டு. வழக்கமான மார்பு சி.டி. ஒன்று, சாதாரண எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு கதிர்வீச்சு. வயதானவருக்கு அது பெரிய கவலையில்லை, ஆனால் “எந்தத் தொல்லையும் இல்லாத பரிசோதனை” என்ற விளம்பரம் பொய்.

இது வரை சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். தங்கவயல் கதை வேறு.

இங்கே பூமிக்கு அடியில் இருந்தது வெறும் தங்கம் இல்லை. பாறைக்கு நடுவே ஓடிய குவார்ட்ஸ் எனும் வெள்ளைக்கல் ரேகையில்தான் தங்கம் இருந்தது. குவார்ட்ஸ் என்றால் கலப்பில்லாத சிலிக்கா. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை, வடஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர், தலைமுறை தலைமுறையாக அந்த வெள்ளைக்கல்லைத் துளைத்தார்கள், வெடித்தார்கள், வாரினார்கள், மில்லில் அரைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். துளைக்கும்போதும் வெடிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூள் கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் தூளை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும், சளியோடு துப்பிவிடலாம். ஆளைக் கொல்வது தெரியாத தூள்.

அந்தத் தூள் போய்ச் சேரும் இடம்தான் இந்த வழக்கில் முக்கியம். மூச்சுக்குழாய் இரண்டு இரண்டாகப் பிரிந்து ஏறக்குறைய 23 தலைமுறைக் கிளைகளாகி, கடைசியில் காற்று அறைகளில் முடிகிறது. சில மைக்ரான் அளவே உள்ள சிலிக்கா துகள் அத்தனை கிளைகளையும் தாண்டிக் கடைசி வீட்டில் போய் உட்காரும். அங்கே காவல் செல்கள் அதை விழுங்கும், ஜீரணிக்க முடியாமல் செத்துப்போகும், செத்த இடத்தில் தழும்பு கட்டும். துகள் மட்டும் அப்படியே வெளியே வந்து அடுத்த செல்லுக்காகக் காத்திருக்கும். வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் நோய் வளர்வதற்கு இதுவே காரணம். தழும்புகள் கடுகளவு முடிச்சுகளாக மேல்நுரையீரலில் கூடுகின்றன. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திரட்சியாகின்றன. நுரையீரல் வேரில் இருக்கும் நிணநீர்க் கட்டிகளின் ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு படிகிறது.

விர்ச்சுவல் பிராங்காஸ்கோப்பி ஆறாவது ஏழாவது கிளைவரை நன்றாகப் போகும். அதற்கப்புறம் மங்கல். முடிச்சுகள் இருப்பதோ குழாய்க்கு வெளியே, சுவருக்கு அப்பால், நுரையீரலின் சதையில். ஷாப்டில் கூண்டு இறங்கும் வழியை மட்டும் பார்த்துவிட்டு, தாது வெட்டும் ஸ்டோப்பில் பாறை சரிந்ததா இல்லையா என்று ரிப்போர்ட் எழுதினால் எந்த மைன்ஸ் மேனேஜராவது ஒப்புக்கொண்டிருப்பாரா? சிலிக்கோசிஸ் என்கிற இந்தத் தூசு நோய் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தப் பறக்கும் படம் தரும் ரிப்போர்ட் அப்படிப்பட்டதுதான். “மூச்சுக்குழாய்கள் இயல்பாக உள்ளன” என்று எழுதிக் கொடுக்கும். குழாய் இயல்பாகத்தான் இருக்கும். மனிதருக்குத்தான் மூச்சு இல்லை. நிணநீர்க் கட்டி வீங்கிக் குழாயை வெளியிலிருந்து நெருக்கும் சிலருக்கு மட்டும் ஏதாவது தெரியலாம். மற்றவர்கள் கையில் “நார்மல்” என்று ஒரு தாள் இருக்கும். ஒரு வழக்கிலோ நஷ்டஈட்டு மனுவிலோ அந்தத் தாள் அவருக்கு எதிராகவே பேசும். இந்த ஆபத்தைத்தான் நல்ல மனதுக்காரர்கள் பார்க்கத் தவறுகிறார்கள்.

சி.டி.யே வேண்டாம் என்று சொல்லவில்லை. மெல்லிய வில்லைகளை நுரையீரலுக்கான வெளிச்சத்தில் வைத்துப் படித்தால், எக்ஸ்ரேயில் தப்பும் ஆரம்ப முடிச்சுகூடத் தெரியும். திரட்சிக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதோ என்ற சந்தேகத்துக்கும் அது வேண்டும். ஆனால் அந்த வேலையைச் செய்வது வில்லைப் படமும் அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும். குகைக்குள் பறக்கும் சினிமாவுக்கு அதில் பங்கில்லை.

சரி, கருவி இல்லாததால்தான் தங்கவயலில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறதா? 1940க்கும் 1946க்கும் நடுவே, ஹவுன்ஸ்ஃபீல்டு தன் கருவியைப் பற்றி யோசிக்காத காலத்தில், இதே ஊரில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். கேப்லன், பர்டன் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரில் 1947இல் வெளிவந்த அந்தக் கணக்குதான் இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய முதல் பெரிய பதிவாக இன்றும் மருத்துவ நூல்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. கண்ணாடி போன்ற எக்ஸ்ரே ஃபிலிமும், ‘என்ன வேலை, எத்தனை வருஷம்’ என்ற கேள்வியும் அன்று போதுமாயிருந்தன. எண்பது வருஷத்துக்குமுன் தெரிந்த நோய் இன்று தெரியவில்லை என்றால், குறை கண்ணில் இருக்கிறது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறெங்கோ. ஓ.பி.யில் இப்படித்தான் நடக்கிறது. “என்ன வேலை பார்த்தீங்க?” “மைன்ஸ்ல.” அத்தோடு கேள்வி முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கேட்க வேண்டியவைதான் நோயைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்: எந்த மைன்ஸ்? அண்டர்கிரவுண்டா, சர்ஃபேஸா? டிரில் பிடிச்சீங்களா, டிம்பரிங்கா, டிராலி தள்ளினீங்களா, மில்லா? டிரில்லில் தண்ணி விட்டாங்களா? எத்தனை வருஷம்? மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூருல எங்கே போனீங்க, கல்லு பாலிஷ் வேலையா? இந்தக் கேள்விகளுக்கு ஸ்கேன் மெஷின் தேவையில்லை, பத்து நிமிஷமும் ஒரு நாற்காலியும் தேவை. அவை இல்லாததால், மேல்நுரையீரலில் நிழல் தெரிந்தவுடன் டி.பி. என்று எழுதி ஆறு மாத மாத்திரை கொடுத்துவிடுவது சுலபமாகிவிடுகிறது. சிலருக்கு உண்மையிலேயே டி.பி. இருக்கும். சிலருக்கு இரண்டும் இருக்கும். தூசு நோய் மட்டும் இருப்பவர் ஆறு மாதம் மாத்திரை தின்றும் மூச்சு திரும்பாமல் மறுபடி வந்து வரிசையில் நிற்பார்.

தூசு நோய் என்று எழுதாமல் விடுவதற்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 25ஆம் பிரிவு: சுரங்கத்தில் வேலை செய்கிற அல்லது முன்பு செய்த ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட நோய் இருப்பதாகத் தெரிந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று இருந்தது. தவறினால் அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய். ஆமாம், ஐம்பது. 2020இல் இயற்றப்பட்ட தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் நோய்ப் பட்டியலிலும் சிலிக்கோசிஸ் இருக்கிறது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இருந்தது. சட்டத்தில் பெயர் இருக்கிறது, சீட்டில்தான் இல்லை.

ராஜஸ்தானைப் பாருங்கள். கல்குவாரித் தொழிலாளர் அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அங்கே 2019இல் தூசு நோய்களுக்கென்று தனிக் கொள்கையே வந்தது. நோய் உறுதியானவருக்கு மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், மாதாமாதம் உதவித்தொகை. உறுதி செய்வது எதை வைத்து? மார்பு எக்ஸ்ரேயும் வேலை வரலாறும். அங்கேயும் ஊழல் உண்டு, போலிச் சான்றிதழ்ப் புகார் உண்டு. ஆனாலும் ஒரு தொழிலாளி போய் நிற்க ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தது விர்ச்சுவல் பிராங்காஸ்கோப்பி கிடையாது.

பெரிய மெஷின் கேட்பது அரசியலுக்கு வசதி. ரிப்பன் வெட்டலாம், படம் பிடிக்கலாம். “எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் பழைய எக்ஸ்ரே, பெங்களூர்க்காரனுக்குக் கிடைப்பது எங்களுக்குக் கிடைக்கக் கூடாதா” என்று கோபப்படுகிற இளைஞர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. மின்சாரம் என்பதையே நாட்டில் பலரும் அறியாத 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து விளக்கெரிந்த ஊர் இது. பிறகு அந்த வெளிச்சமெல்லாம் எங்கே போனது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மைன்ஸ் ஆஸ்பத்திரி சுரங்கத்தோடு ஓய்ந்து பூட்டிக் கிடந்ததும், 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் தூசு தட்டிப் படுக்கை போட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கேட்கட்டும். ஆனால் கேட்பது எது என்று தெரிந்து கேட்க வேண்டும். நோயாளிக்குத் திரையில் குகை காட்டும் மென்பொருளைக் கேட்டு வாங்கி, கையில் “நார்மல்” சீட்டோடு வீட்டுக்கு வருவது எந்த வகை சமத்துவம்?

எக்ஸ்ரேயில் தூசு நோயைப் படிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு மாதிரிப் படத்தொகுப்பு வைத்திருக்கிறது. நோயாளியின் படத்தை ஒரு பக்கமும் மாதிரிப் படத்தை மறுபக்கமும் மாட்டிவைத்து ஒப்பிட வேண்டும். முடிச்சின் அளவு ஒன்றரை மில்லிமீட்டர்வரை ஒரு எழுத்து, மூன்றுவரை இன்னொரு எழுத்து, பத்துவரை மற்றொன்று. அடர்த்திக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. ஒருவருக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, முரண்பட்டால் மூன்றாமவர் படிக்க வேண்டும். கவர்ச்சியே இல்லாத வேலை இது. ஆனால் கற்றுக்கொள்ள முடியும். கோலார் தமக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் பெங்களூரில் பத்துக்கு மேல் இருக்கின்றன.

மாதத்தில் ஒரு நாள், ராபர்ட்சன்பேட்டையிலோ சாம்பியன் ரீஃபிலோ, அந்தப் படத்தொகுப்பைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் உட்காரட்டும். எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, காலைச் சளிக்கு சிபிநாட், வேலை வரலாறு எழுத மைன்ஸ் பாஷை தெரிந்த ஒரு ஆள். சர்வீஸ் பேப்பரைத் தொலைத்தவருக்கு, கூட வேலை பார்த்த இருவரின் கையெழுத்தைச் சாட்சியாக ஏற்கும் ஓர் அரசாணை. சந்தேகம் தீராதவரை மட்டும் சி.டி.க்கு அனுப்பட்டும், அதிலும் தேவைப்படுபவருக்கு டியூப் விடட்டும். அதற்கு வழி பார்க்க விர்ச்சுவல் படம் வேண்டுமென்று மருத்துவர் கேட்டால் தாராளமாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். மைன்ஸ் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து ஆகிறது. சான்றிதழ் அவர் பெயரில் வர வேண்டும், விதவையின் பெயரில் வேண்டாம்.